மேடையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

சர்வமதக் கூட்டங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அந்த மேடைகளில் அமரும் சமயத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி முதல் வாரம் வந்தால் உங்களுக்கு வேலை கூடிவிடும். ஜோர்டான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்மொழிந்து, 2010 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தீர்மானத்தின்படி, அது உலக சமய நல்லிணக்க வாரம். அரங்கம் பிடிக்க வேண்டும், பேச்சாளர்களைப் பிடிக்க வேண்டும், யாருக்கு எந்த நாற்காலி என்று முடிவுசெய்ய வேண்டும். அந்த அவசரத்தில் நீங்கள் மூழ்குவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

உங்கள் கூட்டங்களுக்குப் பார்வையாளனாகப் பல ஆண்டுகளாக வந்துபோகிறேன். கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட கூட்டங்கள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் ஆட்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நான் இல்லை. கூட்டம் வேண்டும். ஆனால் இப்போது நடக்கும் விதத்தில் அது என்ன சாதிக்கிறது என்பதில்தான் எனக்குப் பெரிய சந்தேகம்.

நடப்பதைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். மேடையில் ஐந்தாறு பேர். வரவேற்புரை, அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவராக வாழ்த்துரை. 'என் சமயம் அன்பைத்தான் போதிக்கிறது' என்று ஒவ்வொருவரும் தம் நூலிலிருந்து ஒரு மேற்கோள் காட்டுவார். 'எம்மதமும் சம்மதம்' என்று ஒருவராவது சொல்லிவிடுவார். கடைசியில் எல்லோரும் கைகோத்து மேலே உயர்த்த, புகைப்படக்காரர் 'இன்னும் ஒன்று' என்பார். நன்றியுரை முடிந்ததும் அரங்கம் காலியாகிவிடும். எந்தக் கூட்டத்தோடு வந்தார்களோ அதே கூட்டத்தோடு சேர்ந்து மக்கள் வெளியேறுவார்கள். பக்கத்து இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த வேறு சமயத்துக்காரரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை.

மேடையில் இருக்கும் தலைவர்களுக்குள் நட்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. பலரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அந்த நட்பு தேவைப்படுவது கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஒரு வதந்தி கிளம்பும் இரவில் தெருவில் நிற்கப்போவது அவர்கள்தான்.

நாற்காலித் தகராறு உங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து வருந்தவேண்டாம். அக்பர் 1575இல் ஃபத்தேப்பூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற விவாத மண்டபத்தைத் தொடங்கியபோது, முதலில் முஸ்லிம் அறிஞர்களை மட்டுமே அழைத்தார். வந்தவர்கள் யார் எங்கே உட்காருவது என்பதில் சண்டை போட, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு திசையை ஒதுக்கிக் கொடுத்துத்தான் பேரரசர் அதைத் தீர்க்க வேண்டியிருந்தது. பிற சமயத்தார் உள்ளே வந்தது அதற்கப்புறம்தான். ஒரே சமயத்துக்குள் இருக்கும் பிரிவுகளைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் சில நேரம் அதிகக் கடினம். உங்களில் பலருக்கு இது அனுபவத்திலேயே தெரியும்.

சரி, சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடுமா? இந்தக் கேள்வியை உளவியலாளர்கள் எப்போதோ கையில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது: வெவ்வேறு குழுக்கள் சந்திக்கும்போது, இருதரப்புக்கும் சமமான நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். இவை இருந்தால் தப்பெண்ணம் குறையும். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006இல் எழுதியபோது, சந்திப்பு பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நான்கும் கூடவே இருந்தால் பலன் கூடுகிறது என்றும் கண்டார்கள். இந்த நான்கில் உங்கள் கூட்டத்தில் கட்டாயம் இருப்பது கடைசி ஒன்றுதான், அதாவது பெரியவர்களின் ஆதரவு. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து செய்ய அங்கே ஒரு வேலையும் இல்லை, கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர.

இதில் இன்னும் கூர்மையான ஒரு சோதனை வட ஈராக்கில் நடந்தது. ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாதப் படையால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளை வைத்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஒரு போட்டித் தொடர் நடத்தினார். குலுக்கல் முறையில் சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார், மற்றவற்றில் கூடுதலாகக் கிறிஸ்தவர்களையே சேர்த்தார். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. முஸ்லிம்களோடு சேர்ந்து ஆடிய கிறிஸ்தவர்கள், வேறு அணியிலிருந்த முஸ்லிம் ஒருவருக்கு நல்ல ஆட்டப் பண்புக்கான விருதைத் தர வாக்களித்தார்கள். அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆடப் பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். இவையெல்லாம் மற்ற அணிகளில் ஆடியவர்களைவிட இவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் அதிகமுள்ள மோசுல் நகரத்து உணவகத்துக்குப் போவது, இருதரப்பும் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கு வருவது போன்றவற்றில் அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சோர்ந்துபோகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டை இழந்து வந்தவர்களிடம், ஒரு பருவம் பந்து உதைத்ததில் இவ்வளவு மாறியதே பெரிது. ஆனால் இதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே அணியில் வியர்வை சிந்தியவர்களுக்கே நம்பிக்கை மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டத் திணறியது என்றால், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் உரை கேட்டவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

மும்பைக்கு அருகே இருக்கும் பிவண்டி, விசைத்தறி நகரம். அங்கே 1970இலும் 1984இலும் பெரிய கலவரங்கள் நடந்தன. அப்புறம் அங்கே பொறுப்பேற்ற சுரேஷ் கோப்டே என்ற காவல்துறை அதிகாரி, 1980களின் பிற்பகுதியில் பகுதிவாரியாக மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களுமாக அந்தந்தப் பகுதியின் சாதாரண மக்களே உறுப்பினர்கள். பெரும்புள்ளிகளை வைத்து அலங்காரம் செய்யவில்லை. ஒழுங்காகக் கூடி அன்றாடச் சச்சரவுகளைப் பேசித் தீர்ப்பதுதான் வேலை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை பற்றி எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. இதற்குக் கமிட்டிகள் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கலவரம் வரும் முன்பே அந்த மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னே ஆறு இந்திய நகரங்களை ஒப்பிட்டு, 2002இல் வெளியிட்ட ஆய்விலும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார். அக்கம்பக்கத்தில் பேசிப் பழகுவது நல்லதுதான், ஆனால் பதற்றம் முற்றும்போது அது தாக்குப்பிடிப்பதில்லை. வணிகர் சங்கம், தொழிற்சங்கம் போல இரு சமயத்தாரும் உறுப்பினராக இருக்கும் அமைப்புகள் கூடுதலாகத் தாங்குகின்றன என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட சங்கங்களின் பெயர்ப் பலகையில் நல்லிணக்கம் என்ற சொல் இருக்காது. கூலி, வரி, கடன், சாக்கடை என்று ஏதோ ஒன்றுக்காகத்தான் கூடுகிறார்கள். உங்கள் அழைப்பிதழ் இந்தச் சங்கங்களுக்குப் போகிறதா?

இனி, நீங்கள் கொஞ்சம் கோபப்படக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 'எல்லாச் சமயமும் ஒன்றுதான்' என்பதை உங்கள் கூட்டத்தின் நுழைவுச்சீட்டாக ஆக்கிவிட்டீர்கள். அதை நம்புகிறவர்கள் நம்பட்டும், அதற்கு ஆழமான மரபும் உண்டு. ஆனால் தன் வழி மட்டுமே உண்மை என்று முழு மனதோடு நம்பும் ஒருவர் உங்கள் அரங்கத்துக்கு வந்தால், பொய் சொல்ல வேண்டும் அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அவர் வருவதில்லை. பேச வேண்டியது அவரோடுதானே? ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டி அவர்களுக்கே நல்லிணக்கம் பேசுவதில் என்ன பயன்?

1893இல் சிகாகோவில் உலக சமயங்களின் பாராளுமன்றம் கூடியதை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். விவேகானந்தர் பேசிய செப்டம்பர் 11ஐ மறக்க மாட்டோம். அந்த அவைக்கு வராதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் எட்வர்ட் பென்சன் அழைப்பை ஏற்கவில்லை. கிறிஸ்தவமே ஒரே சமயம் என்று நம்பும்போது மற்றவற்றோடு சமமாக எப்படி உட்காருவது என்பது அவர் சொன்ன காரணம். குறுகிய பார்வைதான், ஆனால் ஒளிவுமறைவில்லாத பதில். இன்றைக்கும் அதே காரணத்துக்காக வராதவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். வித்தியாசம், அவர்கள் கடிதம் எழுதிச் சொல்வதில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் சமயங்களுக்கோ அந்த அவையில் இடமே கொடுக்கப்படவில்லை, கூட்டம் நடந்தது அவர்கள் மண்ணிலேயே என்றாலும். உங்கள் மேடையிலும் சிறிய பிரிவுகள், கடவுளை நம்பாதவர்கள் ஆகியோரின் நாற்காலியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருத்தில் ஒன்றாகாமல் ஒன்றாகக் கூட வழி உண்டு. 1986 அக்டோபர் 27 அன்று போப் இரண்டாம் ஜான் பால், அசிசி நகரில் உலகச் சமயத் தலைவர்களை அமைதிக்காகக் கூட்டினார். ஒரே பிரார்த்தனையை எல்லோர் வாயிலும் திணிக்கவில்லை. பிரார்த்திப்பதற்காக ஒன்றாகக் கூடினார்கள், அவரவர் பிரார்த்தனையை அவரவர் முறையில் செய்தார்கள். அப்படியும் அவர் சபைக்குள்ளேயே அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது என்பது வேறு கதை. எல்லாத் தெய்வப் பெயர்களையும் ஒரே பாட்டில் கோத்துப் பாடச் சொல்லும்போது, சிலர் உதடு மட்டும் அசைவதை நான் கவனித்திருக்கிறேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

வேறுபாட்டை வைத்துக்கொண்டே எவ்வளவு நெருக்கமாகப் பேசலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த முறை, 1990களில் பீட்டர் ஆக்ஸ், டேவிட் ஃபோர்டு, டேனியல் ஹார்டி முதலிய அறிஞர்கள் தொடங்கிவைத்த கூட்டு வாசிப்பு. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு வேதத்திலிருந்தும் ஒரு சிறு பகுதியைப் படித்துப் பேசுவது. யாரும் தன் சமயத்தின் பிரதிநிதி இல்லை. உடன்பாட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரு உதாரணம் தருகிறேன். ஆபிரகாமைத் தேடி விருந்தாளிகள் வரும் கதை, முஸ்லிம்களுக்கு இப்ராஹீம் நபியின் கதை. பைபிளின் ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் அவர் கன்றை அடித்துச் சமைத்து முன்னே வைக்கிறார், விருந்தாளிகள் சாப்பிடுகிறார்கள். குர்ஆனின் 11ஆம் அத்தியாயத்தில் பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைக்கிறார், ஆனால் அவர்கள் கை அதை நோக்கி நீளவில்லை. அதைப் பார்த்து அவருக்குள் பயம் வருகிறது. வானவர்கள் சாப்பிடுவார்களா மாட்டார்களா? யூத ரபிகளுக்கும் இதே கேள்வி உறுத்தியிருக்கிறது. வந்தவர்கள் சாப்பிடுவதுபோல் காட்டிக்கொண்டார்கள் என்று அவர்களின் பழைய விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. இந்த இரண்டு பத்திகளையும் மேசையில் வைத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்துபாருங்கள். விருந்தோம்பல் பற்றி, அந்நியரைக் கண்டு வரும் பயம் பற்றி, வந்தவர் சாப்பிடாமல் இருந்தால் வீட்டுக்காரர் மனம் என்ன பாடுபடும் என்பது பற்றி ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். யாரும் யாரையும் மதம் மாற்ற மாட்டார்கள். தன் நூலை இதுவரை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லையே என்று ஒருவராவது எழுந்து போவார். இந்த மூன்று சமயங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்றில்லை, எந்தச் சமயத்தின் நூலையும் இப்படி மேசைக்குக் கொண்டுவரலாம்.

விவாதம் சூடாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நியாயமான பயம். ஆனால் விதிகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை இல்லை. மணிமேகலையின் விழாவறை காதையிலேயே, சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறட்டும், பகைவரோடு இருந்தாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்று முரசறைவோன் அறிவிக்கிறான். அசோகர் தன் 12ஆம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்து பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்று எழுதிவைத்ததோடு நிற்காமல், இந்த வேலைக்கு அதிகாரிகளையும் அமர்த்தினார். நம் காலத்தில் ஸ்டாக்ஹோம் ஆயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985இல் மூன்றே விதிகள் சொன்னார். ஒரு சமயத்தைப் பற்றி அறிய அதைப் பின்பற்றுகிறவரிடம் கேள், அதன் எதிரிகளிடம் கேட்காதே. உன்னிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதே. அவர்களிடம் இருப்பதைப் பார்த்து நமக்கு இது இல்லையே என்று ஏங்கவும் இடம் வை. மூன்றாவதை நம் ஆட்கள் பலர் ஏற்கமாட்டார்கள். முதல் இரண்டை ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வைத்தாலே போதும்.

பெண்களைப் பற்றி ஒன்று. உங்கள் மேடைகளில் குத்துவிளக்கு ஏற்றவோ பரிசு நீட்டவோதான் அவர்கள் வருகிறார்கள். 2003இல் லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லி வெள்ளை உடையில் தெருவுக்கு வந்து உட்கார்ந்தது கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்துதான். கானா நாட்டில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வெளியே வரக்கூடாது என்று மண்டபத்து வாசலை மறித்தார்கள். அவர்களை வழிநடத்திய லேமா போவீக்கு 2011இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சமயத் தலைவர்கள் என்ற உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட ஒருவர் இடம்பெற என்ன தகுதி வேண்டும்?

கடைசியாக, தலைவர்களே, உங்களிடம் நேராக. மேடையில் நீங்கள் சொல்வதைக் கேட்க வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. அதே வார்த்தைகளை உங்கள் ஆட்கள் மட்டும் இருக்கும் இடத்தில், கதவு சாத்தியிருக்கும்போது சொல்கிறீர்களா? உங்கள் பிரிவைச் சேர்ந்த ஒரு பேச்சாளர் மற்றவர்களை இழிவாகப் பேசும் காணொளி பரவும்போது, மறுவாரம் உங்கள் பிரசங்கத்தில் அதைக் கண்டித்தீர்களா, அல்லது அந்த வாரம் வேறு தலைப்பை எடுத்துக்கொண்டீர்களா? பல இடங்களில் நடப்பது இரண்டாவதுதான். கேட்பவர்களுக்கு அந்த மௌனத்தின் பொருள் நன்றாகவே புரிகிறது.

நைஜீரியாவின் கடுனா மாநிலத்தில் இமாம் முகம்மது அஷாஃபாவும் பாஸ்டர் ஜேம்ஸ் வுயேயும் 1992 கலவரத்தில் எதிரெதிர் பக்கம் நின்றவர்கள். வுயே வலது கையை இழந்தார். அஷாஃபா தன் குருவையும் நெருங்கிய உறவினர்களையும் இழந்தார். 1995இல் இருவரும் சேர்ந்து முஸ்லிம்–கிறிஸ்தவ உரையாடல் மன்றத்தைத் தொடங்கினார்கள். அதற்கப்புறமும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வர ஆண்டுகள் பிடித்தன என்பதை அவர்களே மறைக்கவில்லை. அவர்கள் பேச்சுக்கு எடை இருப்பது, தம் சொந்த ஆட்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னதால். எதிர்த்தரப்புக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நம் பக்கத்திலும் தவறு இருக்கிறது என்று தன் வாலிபர்களிடம் சொல்வது எளிதான காரியமில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். வாழ்த்துரைகளை இரண்டாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு, முன்பின் தெரியாத எட்டுப் பேரை ஒன்றாக உட்கார வையுங்கள். அதே எட்டுப் பேர் அடுத்த மாதமும் கூட ஏதாவது ஒரு வேலை கொடுங்கள், எதுவானாலும் சரி. கலையும் முன் ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் சமயத்தில் மிகவும் பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரை நீங்களே நேரில் போய் அழையுங்கள், 'நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்' என்று சொல்லி.

இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அனுப்பினால் போதும். உரைகளுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து உங்கள் பதிலைத் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களுக்கு இன்னும் வரப்போகும் ஒருவன்